மரத்து வெண்ணெய்

எனக்கு அப்போது எட்டு வயது. டென்மார்க்கில், ஸ்கீவ நகரில் குடியிருந்தோம். குளிரும் கடற்காற்றும் சேர்ந்து என் முழங்கைகளையும் முழங்கால்களையும் வெடிக்க வைத்துவிடும். டொக்டர் தந்த களிம்பு எரியும்; வாசனைக் கிரீம்கள் இன்னும் மோசம். கடைசியில் கைகொடுத்தது, அம்மாவுடன் துப்புரவு வேலை செய்த கானா நாட்டு அன்ரி கொண்டுவந்து தந்த சியா வெண்ணெய்தான். ஒரு மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பதாம். கட்டியாக இருக்கும், உள்ளங்கைச் சூட்டில் இளகிவிடும். எரிவு கிடையாது, தோலின் ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வெண்ணெய் என்கிறார்களே என்று ஒருநாள் பாணில் பூசித் தின்றும் பார்த்தேன். அந்த ஆராய்ச்சி ஒரு கடியோடு முடிந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது, வைகாசி. ஊரில் சண்டை முடிந்துகொண்டிருந்தது. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். அம்மாவுக்கு ஏழு மாதம். உதவிக்கென்று அவருடைய அக்கா, என் பெரியம்மா, இஷொய் நகரிலிருந்து வந்திருந்தார்.

ஒரு விடியற்காலையில் தொலைபேசி வந்தது. மாமா ஷெல்பட்டு இறந்துவிட்டார். குழந்தை பிறக்கும்வரை அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று அப்பாவும் பெரியம்மாவும் முடிவெடுத்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அம்மா எழும்புமுன் தொலைக்காட்சி பழுதாகிவிட்டது. அப்பா கண்ணைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

பெரியம்மாவைப் பொய் சொல்லச் சொல்லலாம். வழக்கத்தை விடச் சொல்ல முடியாது. சாவு விழுந்த வீட்டில் துடக்குக் கழியும்வரை யாரும் எண்ணெய் வைப்பதில்லை. வெண்ணெயும் எண்ணெய்தானே என்று அவர் டப்பாவை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

பள்ளிக்கு வெளிக்கிடும்போது டப்பாவைக் காணாமல் டேனிஷில் கத்தினேன். அம்மா வயிற்றைப் பிடித்தபடி எழும்பி வந்தார்.

“இண்டைக்குப் பூச வேண்டாம், பிள்ளை” என்றார் பெரியம்மா.

“ஏனக்கா? பூசாட்டில் சொறிஞ்சு புண்ணாக்கிப்போடுவாள்.”

“ஒரு நாலு நாளைக்குத்தானே. சொன்னாக் கேளன்.”

அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மா அந்த வேளையிலேயே தலைமுழுகியிருந்தார். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கதிரையை இழுத்துப்போட்டு, அந்த வயிற்றோடு ஏறி, டப்பாவை எடுத்தார். பெரியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்று அம்மா வெகுநேரம் பூசினார். வெடிப்பே இல்லாத இடங்களிலும் பூசினார். உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை வழக்கமாகத் தன் வயிற்றில்தான் தடவிக்கொள்வார். அன்று குழாயடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு, இரண்டு கையையும் வழுவழுப்புப் போகும்வரை கழுவினார்.

எனக்காக அம்மா தன் அக்காவையே எதிர்த்து நின்றிருக்கிறார்! அந்த வெற்றிக் களிப்பில், கதவைச் சாத்துமுன் பெரியம்மாவைப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.