பழையகாயல் ஓலைக்கொட்டகை

அலுவலகத் தோழி குதிகாலில் தடவிய வேப்பெண்ணெய் வாசனையில், சிறுவயதில் அம்மாவோடு திருச்செந்தூர் கோயிலுக்கு நடக்கையில் நாங்கள் இளைப்பாறிய பழையகாயல் ஓலைக்கொட்டகை நினைவுக்கு வந்தது: உப்பளக் காற்றில் படபடக்கும் கீற்று, ஈரச் சாக்கு சுற்றிய பானை, கொப்புளம் வெடித்த கால்களுக்கெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டே, தோணியோடு காணாமல்போன மகனின் புகைப்படத்தை நீட்டும், கழுத்தில் சிலுவை அணிந்த வேதக்கார செலின் அத்தை.

"ஏளா, இவன வழியில பாத்தியா?"

"புள்ளைட்ட போயி கேக்கியளே மதினி," என்றாள் அம்மா.

எனக்கு ஏழு வயது. எல்லோரும் இல்லையென்று சொல்லிவிட்டதால், "பாத்தேன்" என்றேன்.

"எங்கன?"

"முத்தையாபுரம் டீக்கடையில."

அத்தை செருப்புகூடப் போடாமல், நாங்கள் வந்த வழியே ஓடினார். வெகுநேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த ஆண்டு கொட்டகை இருந்த இடத்தில் அகலச் சாலை கிடந்தது. நான் சொன்னது பொய்யென்று சொல்வதற்காக, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அத்தையைப் பற்றிக் கேட்டேன். யாரும் பார்த்திருக்கவில்லை.