றிக்கோ மரேயாவுக்கு அளவெடுத்த மனோரஞ்சிதம்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. வோபர்னில் ஒரு சேலைக்கடை, மிசிசாகாவில் இன்னொன்று; இரண்டும் இந்தக் கையால் வந்தவை. ரொறன்ரோவில் கலியாணம் என்றால் மணப்பெண்ணின் தாய் முதலில் என் கடைக்குத்தான் வருவார். எத்தனையோ பேரை வாயடைக்க வைத்த என்னை ஒருநாள் வாயடைத்து நிற்க வைத்தவர், என் கடைத் தையற்காரி மனோரஞ்சிதம்.

அவர் மட்டக்களப்புப் பக்கம். தொண்ணூற்றெட்டில் இங்கே வந்து, கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஃபக்ரறி ஒன்றில் எட்டு வருடம் நின்றார். இரண்டு பக்கத்து மெஷினிலும் எக்குவடோர், சல்வடோர் பெண்கள். அவர்களிடம் ஸ்பானிய மொழியைப் பிடித்தார். கூடவே றிக்கோ மரேயாவின் பாட்டையும் பிடித்துக்கொண்டார். மரேயா புவர்ட்டோ ரிக்கோக்காரன், ரெகேற்றோன் பாடுகிறவன். ஒரே தாளம்தான், ஆனால் நெஞ்சுக்குள் வந்து இடிக்கும். என் கடைக்கு வந்த பிறகும் மெஷினுக்குப் பக்கத்தில் எந்நேரமும் அவன் குரல்தான்.

"உது என்ன பிள்ளை, தண்ணி மோட்டர் மாதிரி?" என்று பகிடி பண்ணுவேன்.

"மோட்டர் எண்டா இடைக்கிடை நிக்கும் அண்ணை. இவன் இருவத்திநாலு வருசமா நிக்கல்ல."

பதினாறு வயதில் கார் டிக்கியில் சீடி வைத்து விற்றவனாம். பிறகு சின்னக் கிளப்புகள், பிறகு பெரிய பெரிய அரங்குகள். எந்தப் பாட்டு எந்த வருடம் வந்தது என்று மனோரஞ்சிதம் ஊசியில் நூல் கோர்த்தபடியே சொல்லுவார்.

இந்த வருடம் அவன் மேடையை விடப்போவதாக அறிவித்து, ஊர் ஊராகப் போய் விடைபெற்றுக்கொண்டிருந்தான். ரொறன்ரோவில் ஒரு சனிக்கிழமை. மனோரஞ்சிதத்துக்கு ரிக்கெற் கிடைக்கவில்லை. அன்றும் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனி காலை பதினொரு மணிக்குப் பக்கத்துச் சலூன்காரர் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். மரேயாவின் உடுப்புகளுக்குப் பொறுப்பானவளாம். கையில் சிவப்பு வெல்வெற் ஜக்கெற் ஒன்று, முதுகு பிளந்து கிடந்தது. ஒல்லிப் பொடியனாக முதல் மேடை ஏறியபோது அவன் போட்டது. இந்தப் பயணத்தில் கடைசிப் பாட்டுக்கு அதைத்தான் போடுகிறான். கையைத் தூக்கியதும் கிழிகிறது. மூன்று ஊரில் மூன்று பேர் தைத்துப் பார்த்துவிட்டார்கள். இன்றிரவும் கிழிந்தால் இனி அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

மனோரஞ்சிதம் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் ஒரு துணியைத் தொட அவர் கை கழுவியதை அன்றுதான் கண்டேன். உள்ளும் புறமும் தடவிப் பார்த்தார். அந்தப் பெண் அளவுகள் எழுதிய கடதாசியை நீட்டினாள்.

"கடதாசிய நம்பி நான் கத்தரிக்கோல் வைக்கமாட்டன். ஆள் வேணும்."

நான் குறுக்கே விழுந்தேன். "பிள்ளை, அவன் ஆரெண்டு தெரிஞ்சுதானே கதைக்கிறாய்?"

"தெரிஞ்சபடியாத்தான் கேக்கன்."

அந்தப் பெண் வெளியே போய்த் தொலைபேசியில் கெஞ்சினாள், கத்தினாள், பிறகு உள்ளே வந்து தலையாட்டினாள்.

"அண்ணை, ஒரு சிவப்புப் பட்டுச் சேலை வெட்ட வேணும்."

"வெட்டு! என்ர கடையில இல்லாத சிவப்பே?"

என் வான் வண்டியில்தான் போனோம். அரங்கின் பின்பக்கத்து நடையில் மரேயா நின்றான். திரையில் மலை மாதிரித் தெரிகிறவன், நேரில் என் தோளளவுதான். மனோரஞ்சிதம் வணக்கம் சொல்லவில்லை, படம் எடுக்கவில்லை. நேரே போய் அவன் மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டார். அவன் நிமிர்ந்து வயிற்றை உள்ளே இழுத்தான். இவர் நாடாவைத் தளர்த்திவிட்டுச் சிரித்தார்.

"எங்கட பொம்பிளையளும் இப்பிடித்தான் அண்ணை. நாடாவைக் கண்டா வயித்தை எக்குவாளுகள்."

பிறகு அவனைப் பார்த்து, "மூச்சை அடக்காத மனே," என்று மகனிடம் சொல்வதுபோலத் தமிழில் சொன்னார். அவன் விழித்தான். ஸ்பானியத்தில் திரும்பச் சொன்னார்: கையைத் தூக்கு, கடைசிப் பாட்டைப் பாடு.

காவலாளி எங்களை வெளியே தள்ளப்போகிறான் என்று நான் வாசலைப் பார்த்தேன். மரேயா இரண்டு கையையும் தூக்கினான். பாடினான். மைக் இல்லை, மேளம் இல்லை. மெதுவாகத் தொடங்கி முழுக் குரலுக்கு ஏறினான். பெட்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் அப்படியே நின்றார்கள். மனோரஞ்சிதத்தின் விரலிடுக்கில் நாடா நழுவி நழுவி விரிந்தது. ஒரு அங்குலம், இரண்டு, மூன்று. அன்றிரவு இருபதாயிரம் பேர் கேட்கக் காத்திருந்த பாட்டு என் தையற்காரியின் நாடாவுக்குள் நின்றது. நானும் எத்தனையோ பெரிய மனிதர்களோடு படம் எடுத்தவன். அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

அவர் உள்ளங்கையில் பேனையால் இலக்கத்தை எழுதினார். "இவ்வளவு பேர் அளந்திரிக்காங்க. இவன் பாடுறவன் எண்டு ஒருத்தரும் யோசிக்கல்ல."

பிழை முதுகில் இல்லை, கை தூக்கும்போது இழுக்கிற கமக்கட்டில் என்றார். இரண்டு பக்கத்தையும் பிரித்து, நடனக்காரப் பிள்ளைகளின் சட்டைக்கு வைப்பது மாதிரி நாலு மூலைப் பட்டுத்துண்டு வைத்தார். விலாவிலும் ஒரு பட்டி இறக்கினார். நாலு மணித்தியாலம் தலை நிமிரவில்லை. ஊசிக்கு நூல் கோர்த்துக் கொடுத்தவன் நான்.

எங்களை மேடையோரத்தில் நிற்க விட்டார்கள். கடைசிப் பாட்டுக்கு மரேயா அந்தச் சிவப்பைப் போட்டுக்கொண்டு வந்தான். சனம் அழுதது. மனோரஞ்சிதம் இருபத்திநாலு வருடம் கேட்ட குரல் பத்து அடி தூரத்தில். அவரோ அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்கக் கமக்கட்டில். குரல் ஏறியது. கைகள் உயர்ந்தன. வெளிச்சத்தில் பட்டு விரிந்து மினுங்கியது. ஒரு நூல் விடவில்லை.

இருபதாயிரம் பேரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் ஒருவன் மட்டும் தொண்டை கிழிய, "மனோரஞ்சிதம்!" என்று கத்தினேன்.

அவர் திரும்பாமலே என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"கத்தாதீங்க அண்ணை. ஆக்கள் அவனைப் போக விடுறாங்க இல்ல, இன்னொண்டு பாடப்போறான், திரும்பக் கையத் தூக்குவான்."