கடலடி வீட்டுக்கு வரிசை

யோம் சன்யங் சியோலில் மீடியா கலைஞர். அப்படியென்றால் என்ன வேலை என்று, இருபது வருடமாக அவளுக்கு ஒயர் பற்றவைத்துக் கொடுக்கிற எனக்கே இன்னும் பிடிபடவில்லை. உல்ஜிரோ தெருவில் கீழே என் எலக்ட்ரிக் கடை, மேலே அவள் ஸ்டுடியோ. காலையில் படியிறங்கி வந்து, "அண்ணே, அழிஞ்சுபோன மனுசங்க மூச்சு விடுற மாதிரி ஒரு ஸ்பீக்கர் வேணும்" என்பாள். ரிப்பேருக்கு வந்த பழைய பெட்டியைக் கொடுப்பேன். அது கரகரப்பதைக் கேட்டு பெர்லினில் கைதட்டுவார்கள்.

அவளுடைய முதல் படைப்பில் 2060ஆம் ஆண்டு அரிசி ஒழிந்தது. அடுத்ததில் தேனீ. மூன்றாவதில் பேச்சே ஒழிந்துபோனது. அதை விளக்க நாற்பது பக்கக் கையேடு போட்டார்கள். உதவித்தொகை விண்ணப்பத்தில் 'சமூகத்துக்கு விளையும் பயன்' என்று ஒரு கட்டம் உண்டு. உலகம் அழிவதால் சமூகத்துக்கு என்ன பயன் என்பதை வருடம் தவறாமல் எழுதி நிரப்புவாள். அந்தத் திறமைக்கே தனியாக ஒரு விருது தரலாம்.

அவளுடைய அம்மா மட்டும் எந்தக் கண்காட்சிக்கும் வந்ததில்லை. சந்தையில் நெத்திலிக் கருவாடு விற்கும் அந்த அம்மாள், தரைக்குக் கீழே பாதி இறங்கிய வாடகை அறையில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறார். புது அடுக்குமாடி எங்கே அறிவித்தாலும் வீடு ஒதுக்கும் குலுக்கலுக்கு எழுதிப்போடுவார். ஒருமுறைகூடப் பெயர் விழுந்ததில்லை.

போன வசந்தத்தில் சன்யங் எங்கள் ஊர்க்காரர்களின் வீடு வாங்கும் மோகத்தைக் கிண்டல் செய்யக் கிளம்பினாள். நகரம் மூழ்கியபின் 2091இல் கடலடியில் எழும்பப்போகும் அடுக்குமாடிக்கு ஒரு மாதிரி வீடு. ஜன்னலில் நான் பொருத்திய திரையில் மீன்கள். வாசலில் சீருடைப் பெண்கள், வருகிறவர்களுக்கு இலவச டிஷ்யூ பெட்டி, சந்தையெல்லாம் துண்டுப் பிரசுரம். கிண்டல் ஒருவருக்கும் எட்டவில்லை. முதல் நாளே வரிசை தெருமுனையைத் தாண்டியது.

"2091ன்னு போட்டிருக்கு. ரொம்ப இழுப்பாங்க போலயே?"

"எந்தக் கம்பெனி சொன்ன தேதிக்குக் கட்டுது? ரயில் ஸ்டேஷன் பக்கத்துல வருதான்னு கேளுங்க."

அந்த வரிசையில் கல்யாணத்துக்குப் போடும் கோட்டோடு, ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரையைக் கையில் பிடித்தபடி அவள் அம்மா. "என் பொண்ணு ஒருவழியா உருப்படியான கம்பெனில சேர்ந்துட்டா" என்று முன்னால் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சன்யங் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அண்ணே, இது நெஜமில்லன்னு அம்மாகிட்ட நீங்க சொல்லிடுங்கண்ணே."

"உலகம் அழியப்போறதையே ஊர் ஊரா போய்ச் சொல்றவ நீ. இதையும் நீயே சொல்லு."

எனக்கும் தைரியமில்லை, அதுதான் உண்மை.

உள்ளே அம்மாள் சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது நெஜ வீடு இல்லம்மா. நான் பண்ண கலை. இதை யாருக்கும் குடுக்கப்போறதில்ல."

அம்மாள் முத்திரையைப் பைக்குள் போட்டார்.

"யாருக்குமேவா?"

"யாருக்கும் இல்ல."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப இந்தத் தடவை விழாமப் போனது எனக்கு மட்டும் இல்லல்ல" என்றார்.

சன்யங் ஜன்னல் பக்கம் திரும்பி, என் மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.