மாமாவின் வலியை வாங்கிக்கொண்ட மாடு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கே எனக்கு மூச்சு வாங்கும். எழுதுவதென்றால் கட்டாந்தரையில் ஏர் ஓட்டுகிற மாதிரி. ஆனால் நேற்று என் சேக்காளி பல்வலி என்று லயத்து வீடுகளையே கூட்டி அழுதான். அதைப் பார்த்ததும் மாமா ஞாபகம் வந்துவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கெலிஓயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழும்புக்குக் கோப்பிக்கொட்டை மூட்டை ஏற்றிப்போகும் வண்டிக்காரர். ஒருதரம் வண்டி சாய்ந்து இடுப்பில் மூட்டை விழுந்தது. அன்றிலிருந்து அந்த வலி அவரை விடவில்லை. மழைக்குக் கூடும், மேட்டுக்குக் கூடும், மாமி வாயைத் திறந்தால் இன்னும் கூடும் என்பார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அடம்பிடித்து மூட்டைமேல் ஏறிக்கொண்டு அவரோடு போனேன். பிலிமத்தலாவையில் மாடுகளை அவிழ்த்துவிட்டபோது மாமாவால் நிமிர முடியவில்லை. முகம் சாம்பலாகிவிட்டது. அடுத்து கடுகண்ணாவை இறக்கம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் பள்ளம்.

கூட வந்த வண்டிக்காரர் மடியிலிருந்து அபின் உருண்டையை எடுத்தார்.

"இந்தா மச்சான், வாயில போடு. வலி பறந்துரும்."

"வலி பறக்கும். பின்னாடியே வண்டியும் பறக்கும். மேல மருமகன் ஒக்காந்திருக்கான்."

"அப்ப எப்படித்தான் எறங்குவ?"

"பொறு. சின்ன வீட்டுல கேட்டுட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு, படுத்திருந்த வெள்ளை மாட்டின் வயிற்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள், என் சிரிப்புத்தான் பெரிது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். மாடு அசைபோட்டது. அதன் வயிறு ஏறும்போது மாமாவின் நெஞ்சும் ஏறியது, இறங்கும்போது இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எது மாட்டின் மூச்சு, எது மாமாவின் மூச்சு என்றே தெரியவில்லை. நான் எப்போது சிரிப்பை நிறுத்தினேனோ! அந்தச் சாம்பல் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் ஊறியது.

பிறகு எழுந்தார். வண்டியில் ஏறாமல், மாட்டின் தோளில் கைபோட்டு நடந்தே இறக்கினார். முடியாத இடத்தில் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்து நின்றுவிடுவார்.

"என்னாப்பா, மாமியார் வீட்டுக்கா போற? நகருப்பா!" என்று பின்வண்டிக்காரர்கள் கத்துவார்கள்.

மாமா திரும்பியே பார்க்கமாட்டார். மாட்டோடு சேர்ந்து மூச்சு விட்டு, இடுப்பு சம்மதித்த பிறகுதான் அடுத்த அடி. நான் மூட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிவாரம் வந்தது. நுகத்தடியை இறக்கியதும் வெள்ளை மாடு ஒரு பெருமூச்சு விட்டு, பின்னங்காலை நொண்டியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாமாவின் வலியை மாடு வாங்கிக்கொண்டது! கோயிலில்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை. மாமா தன் இடுப்புக்குத் தேய்க்கத் துணிமூட்டையில் வைத்திருந்த எண்ணெய்ச் சீசாவை எடுத்து, மிச்சம் வைக்காமல் மாட்டின் இடுப்பில் தேய்த்தேன்.

"நல்லாத் தேய்டா மருமகனே," என்றார் மாமா. சொல்லிக்கொண்டே சக்கரத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் உட்கார்ந்தார். உட்கார ஏன் அவ்வளவு நேரம் எடுத்தார் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் எழுதி, சேக்காளிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"ஏன்டா, மாட்டுக்குத் தேச்ச எண்ணெயில ஒம் மாமாவுக்கு ஒரு சொட்டாவது வச்சியா?"