வாளியில் ஊறிய வில்லை

அலுமினியத் தாள் உறைக்குள் கண்ணாடிபோல் கிடந்த அந்த ஜெல் வில்லையை முதன்முதலில் பிரித்துக் காட்டியவள் நான்தான். பெரியப்பாவின் இடது உள்ளங்காலில் சர்க்கரைப் புண். ஆறாவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்று சொல்லித் தேனி மருத்துவர் எழுதிக்கொடுத்தது அது. மதுரையில் இதே ஜெல்லில்தான் என் ஆராய்ச்சி என்பதால் விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். படித்த திமிர்.

பெரியப்பா ஓடைப்பட்டியில் திராட்சை விவசாயி. கோடையில் கொடிகளின் வேருக்கடியில் ஜெல் குருணை வைப்பார். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, ஜவ்வரிசிபோல் உப்பிய பிறகுதான் குழியில் இடுவார். அதைச் சொன்னால் சட்டென்று பிடிபடும் என்று நினைத்து, "நம்ம தோட்டத்துக் குருணை மாதிரிதேன் பெரியப்பா. அது வேருக்குக் கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி விடும், இது புண்ணுக்கு மருந்து விடும்" என்றேன். "அம்புட்டுத்தானா ஆத்தா!" என்று சிரித்தார். டாக்டரைவிட நான் தெளிவாகச் சொன்னேன் என்று தெருவெல்லாம் பெருமை பேசினார். பிரித்ததும் அப்படியே ஒட்டவேண்டும், தண்ணீரில் போடக்கூடாது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அதைக்கூடவா சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போனால் வாசலிலேயே வாடை அடித்தது. "தவறாம மாத்துறீகளா பெரியப்பா?" என்றேன். "பின்ன! காலையிலயே ஒம் பெரியம்மா ஊறப் போட்டுருவா. நல்லா உப்புனதும் எடுத்துக் கட்டிக்கிருவேன்." கொல்லைக்கு ஓடி வாளியைப் பார்த்தேன். வில்லையிலிருந்த மருந்தெல்லாம் ஒவ்வொரு முறையும் வாளித் தண்ணீரில் இறங்கிவிட, பெரியம்மா அதைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றியிருக்கிறாள். வெறும் ஜெல்லைக் காலில் கட்டிக்கொண்டு அந்த மனுஷன் குணமாகும் என்று காத்திருந்திருக்கிறார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தமெல்லாம் பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டது. "மருந்த எவளாச்சும் தண்ணியில ஊறப்போடுவாளா? கூறுகெட்டவளே!" பெற்ற மகனே கையை ஓங்கிவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மயக்கம் தெளிந்ததும் பெரியப்பா உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது தோட்டத்து வேலையெல்லாம் பெரியம்மா தலையில். எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது தெரிந்து, போன மாதம் ஒரு கூடைத் திராட்சையோடு பஸ் ஏறி வந்தாள். உட்காரக்கூட இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ அம்புட்டுத் தெளிவாச் சொல்லியும் நாந்தேன் அவுக காலக் கெடுத்துப்புட்டேன். என்னய மன்னிச்சிரு ஆத்தா."

"பரவாயில்ல பெரியம்மா, விடுங்க" என்று நான் அவளை மன்னித்தேன்.