வாரத்தில் ஐந்து நாள்

மைதானத்தில் அவளுக்கு ‘ரெஸ்ட் டீச்சர்’ என்று பெயர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விடிகாலையில் ஆறு பெண்களுக்கு நெடுந்தூர ஓட்டம் பழக்குபவள். மற்ற கோச்சுகள் இன்னும் இரண்டு சுற்று என்று தொண்டை கிழியக் கத்தும்போது, இவள் போதும், உட்காரு என்பாள். இருபத்திரண்டு வயதில் அப்படிக் கத்துகிற ஓர் ஆளிடம் மாட்டி வலது முட்டியைப் பறிகொடுத்தவள்.

அதனால் அவளுடைய விதிகள் கறாரானவை. தூக்குகிற பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். அதுவும் வாரத்தில் இரண்டே நாள். ஒரு நாள் உடம்பைப் பிழிந்தால், மறுநாள் பக்கத்தில் வருபவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்தான். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமலே நாடித்துடிப்பை எண்ணி நோட்டில் எழுத வேண்டும்; அது ஏறினால் உடம்பு ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். முந்தின நாள் செய்தது அத்தனையும் அதில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வாரத்துப் பயிற்சியைப் போடுவாள்.

ஆறு பேரில் ஒருத்தி அவளுடைய சொந்தத் தங்கை. வங்கியில் வேலை, அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தாள். வயது இருபத்தொன்பது. பத்தாயிரம் மீட்டருக்கான தேர்வுப் பந்தயம் இந்தத் தடவை தவறினால் அவ்வளவுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எட்டு மாதத் தயாரிப்பு.

ஆறாவது மாதத்தில் தங்கையின் கால் கனத்தது. ஓட்டத்தில் துள்ளல் போய்விட்டது. நோட்டிலோ ஒரு குறையும் இல்லை: நாடி ஐம்பத்திரண்டு, தூக்கம் எட்டு மணி நேரம். டீச்சர் கண்ணை விட்டுவிட்டு நோட்டை நம்பினாள். தான் போட்ட திட்டம்தான் அதிகம் என்று பளுவைக் குறைத்தாள். ஓட்டம் இன்னும் மோசமானது. மறுபடியும் குறைத்தாள்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. டாக்டர் ஸ்கேன் படத்தில் மயிரிழை போன்ற விரிசலைக் காட்டி, வாரத்தில் எத்தனை நாள் வெயிட் தூக்குகிறாய் என்று கேட்டார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள், தங்கை தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“அஞ்சு நாள், சார்.”

ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். பந்தயம் அந்த அறையிலேயே முடிந்துபோனது.

மீதிக் கதை வராந்தாவில் வந்தது. நான்கு மாதமாக வங்கியில் வேலை அதிகம் என்று தங்கை சொன்னதெல்லாம் ஜிம்மில் கழிந்த நேரம். முதலில் மூன்று நாள், அக்கா குறைக்கக் குறைக்க ஐந்து நாள். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர், இப்போது அதே வராந்தாவில் காத்திருந்த டீச்சரின் புருஷன். சாயங்காலம் வாக்கிங் போகிறேன் என்று கிளம்புவார். இத்தனை நடந்தும் தொப்பை அசையவில்லையே என்று அவளே கிண்டல் செய்திருக்கிறாள்.

“உன்கிட்ட சொன்னா ஒத்துக்கமாட்டே. ரெண்டு நாள் பத்தாதுன்னு அவ பாவம், பயந்துட்டா,” என்றார் அவர்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “நாடி?”

“அறுபத்தினாலு வரைக்கும் போச்சுக்கா.”

பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, தினமும் எண்ணிப் பார்த்து, தினமும் மாற்றி எழுதியிருக்கிறாள்.

“நீ குறைச்சுக்கிட்டே போனே, அதான் நான் கூட்டினேன்.”

“நீ கூட்டினதாலதான்டி நான் குறைச்சேன்.”

பிறகு தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், புதிதாக ஒரு திட்டம் போட்டுக் கொடு என்றாள்.

“யாருக்குப் போடறது? உனக்கா, நோட்டுல இருக்கிறவளுக்கா?” குரல் உயரவில்லை. “அக்காவா என்ன வேணுமோ செய்யறேன். சமைச்சுப் போடறேன், ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றேன். கோச்சுக்கு வேற ஆளைப் பாத்துக்கோ.”

புருஷன் ஸ்கூட்டரை வாசலுக்குக் கொண்டுவந்தார். மூன்று பேர் எப்படிப் போவது என்று அசட்டுச் சிரிப்போடு கேட்டார். அவள் தங்கையைக் கைத்தாங்கலாகப் பிடித்து, வலிக்கும் கால் இடிக்காமல் பின்னால் உட்கார வைத்தாள்.

“வழக்கமா நீங்கதானே கூட்டிட்டுப் போவீங்க. கூட்டிட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.