ரெஜினாவுக்குக் கடல் தெரிய வேண்டும்

கொட்டாரத்தில் பேருந்து நின்றபோது உப்புக் காற்று முகத்தில் வந்து படிந்தது. கண் தானாக மூடிக்கொண்டது. மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்த ரெஜினாவின் தலைமுடியில் எப்போதும் இந்த வாசம்தான்.

எங்கள் பள்ளிக்கூடம் கடற்கரையை ஒட்டி இருந்தது. காற்று வலுத்தால் போதும், ரெஜினா எழுந்து வெளியே ஓடிவிடுவாள். பிடிக்கப் போனால் கடிப்பாள். இன்னொரு தடவை ஓடினால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவேன் என்று பெரிய சார் சொல்லியிருந்தார்.

மார்த்தாண்டத்திலிருந்து புதிதாக வந்த டீச்சர் அவளைத் துரத்தவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். ரெஜினா மணலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்த பாக்க மக்கா?"

"அப்பா வள்ளத்துல போயிருக்காரு டீச்சர். மாமா இப்பிடி ஒரு காத்துலதான் போனாரு. திரும்பி வரவே இல்ல."

டீச்சரும் அவளோடு நின்று கடலைப் பார்த்தார். மறுநாள் எங்கள் பெஞ்சை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டார். அங்கிருந்து தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. காற்றடித்தால் ரெஜினா திரும்பிப் பார்ப்பாள், பிறகு எழுதுவாள். அதன்பின் அவள் ஓடவில்லை.

ஆடிக்காற்று சுழற்றியடித்த ஒரு நாள், நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கையில், "அப்பா வந்தாச்சு!" என்று கத்தினாள். வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்கு ஓடியது. டீச்சர் அதட்டவில்லை. எங்கள் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எது மக்கா, அந்த நீல வள்ளமா?" என்று கேட்டார்.

"அக்கா, உங்க ஸ்டாப் தாண்டியாச்சுல்லா" என்றார் கண்டக்டர்.